வில்லங்கம் இல்லாத வீடு

'வில்லங்கம்' என்ற சொல்லுக்குத் தெருவில் ஒரு பொருள், சார்பதிவாளர் அலுவலகத்தில் வேறொரு பொருள். தெருவில் அது வம்பு, சிக்கல். "அவன் வில்லங்கமான ஆளு" என்றால் அவனோடு சேராதே என்று அர்த்தம். அலுவலகத்தில் அதே சொல் ஒரு படிவம். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை இந்தச் சொத்தை யார் விற்றார், யார் அடமானம் வைத்தார், யார் தானம் எழுதினார் என்ற பட்டியல். பழைய வீடு வாங்குகிறவர் முதலில் கேட்பது இந்த வில்லங்கச் சான்றைத்தான். பெரும்பாலும் முப்பது வருடத்துக்குக் கேட்பார்கள்.

ஏன் முப்பது? வக்கீல்களிடம் கேட்டால் "அதான் சார் நடைமுறை" என்பார்கள். அந்த நடைமுறைக்கு ஆதரவாகச் சில சட்டங்கள் இருக்கின்றன. முப்பது வருடம் கடந்த ஒரு பத்திரம் இருக்க வேண்டியவர் கையிலிருந்தே வந்தால், அதிலுள்ள கையெழுத்து மெய் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்றது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இன்னும் அவசரக்காரன். தன் இடத்தில் வேறொருவர் தன்னுடையது என்று சொல்லி உட்கார்ந்திருப்பதைப் பன்னிரண்டு வருடம் கேட்காமல் விட்டால், வழக்குப் போடும் வழி அடைபடுவதோடு அந்த உரிமையே அழிந்துவிடும். ஆகவே முப்பது வருடம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டால், அதற்கும் முன்னால் நடந்தது எதுவும் அநேகமாக வாங்குகிறவரைத் தொடாது.

என் கேள்வி அந்த முப்பதுக்கு அப்பால் தொடங்குகிறது. ஒரு வீட்டின் பழைய உடைமையாளர்களைச் சட்டம் கேட்காத தூரம்வரை போய் நாம் ஏன் தேட வேண்டும்? தேடிக் கண்டதை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும்?

*

கும்பகோணத்துப் பக்கம் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. திண்ணை, ரேழி, முற்றம், இரண்டாம் கட்டு, பின்கட்டு, அதற்கப்புறம் கிணறும் கொல்லையும். தெருவிலிருந்து பார்த்தால் குறுகல், உள்ளே போகப் போக நீளம். நாட்டு ஓடு வேய்ந்தது. மழைக்காலத்துக்கு முன் ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. பெரியப்பாவும் அப்பாவும் இப்போது இல்லை. பெரியப்பா மகன் திருச்சியில், நான் பெங்களூரில். விற்றுவிடலாம் என்று போன வருடம் முடிவானது. வாங்க வந்தவரின் வக்கீல் தாய்ப்பத்திரத்தையும் முப்பது வருட வில்லங்கத்தையும் கேட்டார். அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். கம்ப்யூட்டர் படித்தவன் என்பதால் ஆவணம் தேடுவது எனக்கு எளிது என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை.

சமீப காலத்துப் பதிவுகளை இணையத்திலேயே பார்த்துவிடலாம். பழையதற்கு மனு எழுதிக் கொடுத்து, கட்டணம் கட்டி, காத்திருக்க வேண்டும். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்களின் நகல்கள் முதலாம் புத்தகத்தில் ஏறுகின்றன. அவற்றைத் தேட இரண்டு அட்டவணைகள்: ஒன்று ஆட்களின் பெயர்படி, இன்னொன்று சொத்தின்படி. நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு குமாஸ்தா இந்த இரண்டு வழியையும் கையால் எழுதி வைத்திருக்கிறார். டேட்டாபேஸ் இன்டெக்ஸ் என்று நான் கல்லூரியில் படித்த சமாச்சாரம் அங்கே பூச்சி அரித்த காகிதத்தில் இருந்தது.

பத்திரங்களின் தமிழுக்கு ஒரு தனி ருசி. 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' வீட்டை ஆண்டு அனுபவித்துக்கொள்ளச் சொல்வார்கள். கிணறு, மரம், நிதி நிட்சேபம், போக வர வழிநடைப் பாத்தியம் எல்லாவற்றையும் சேர்த்து விற்பார்கள். வீட்டு எண் இல்லாத காலத்தில் ஒரு வீட்டை அடையாளம் காட்டியது அதன் நான்கு எல்லை, அதாவது சக்குபந்தி. இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் மனைக்கு வடக்கு என்று போகும். அக்கம்பக்கத்தார் பெயர்களில்தான் ஒரு வீடு நிற்கிறது. அந்தப் பெயர்களின் வாலிலேயே தெருவின் சாதியும் இருக்கிறது. அந்தத் தெருவுக்குள் வர முடியாதவர்களின் பெயர் எந்தச் சக்குபந்தியிலும் இல்லை. செங்கல் அறுத்தவர், கிணறு வெட்டியவர் பெயரும் இல்லை. பதிவேட்டுக்குத் தெரிந்ததெல்லாம் உடைமையாளர்கள் மட்டுமே.

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு 'கிட் பிளேம்' தெரிந்திருக்கும். ஒரு நிரலின் ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார், எப்போது மாற்றினார் என்று காட்டும் கட்டளை. ஏன் மாற்றினார் என்பது அதில் வராது. அதற்கு மாற்றியவர் எழுதிவைத்த குறிப்பைத் தேடிப் படிக்க வேண்டும். வில்லங்கச் சான்றும் அப்படித்தான், 'ஏன்' என்ற பத்தி அதில் கிடையாது. பழைய பத்திரங்களில் மட்டும் காரணம் எழுதப்பட்டிருக்கும். எங்கள் வீட்டுத் தாய்ப்பத்திரத்திலும் இருந்தது.

*

பத்திரம் முப்பதுகளைச் சேர்ந்தது. 1929க்குப் பிறகு வந்த பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, காவிரிப் படுகையில் கடன் வாங்கியிருந்தவர்கள் முழுகிக்கொண்டிருந்த நேரம். கடன்பட்ட விவசாயிகளுக்கு நிவாரணம் தரும் சட்டத்தை ராஜாஜியின் அமைச்சரவை 1938இல் கொண்டுவந்தது. இந்தப் பத்திரம் அதற்குச் சில வருடங்கள் முந்தையது. விற்றவர் ஒரு விதவை, வாங்கியவர் என் கொள்ளுத்தாத்தா. விற்றவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. விற்பதற்கான காரணங்கள் வரிசையாக இருந்தன: காலஞ்சென்ற கணவர் பட்ட கடன், அவருடைய உத்தரகிரியைச் செலவு, மகளின் கல்யாணம். கிரயத்தொகையில் பெரும்பகுதி கணவர் எழுதிக்கொடுத்த புரோநோட்டுக் கடனுக்கு வரவு வைக்கப்பட்டிருந்தது. அந்தப் புரோநோட்டு இருந்தது என் கொள்ளுத்தாத்தாவின் கையிலேதான். ரொக்கமாக அந்த அம்மாள் பெற்றது மிச்சம் மட்டும். கீழே இடது பெருவிரல் ரேகை.

படித்தவுடன் யாருக்கும் ஒரு கதை தோன்றிவிடும்: வட்டிக்காரன், அநாதரவான விதவை, பறிபோன வீடு. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன் அந்தக் காலத்துச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆண் வாரிசு இல்லாமல் இறந்தவரின் சொத்து விதவைக்கு வரும், ஆனால் முழு உரிமையாக வராது. ஆயுள்வரை அனுபவிக்கலாம். விற்க வேண்டுமானால் சட்டம் ஏற்கும் அவசியம் இருக்க வேண்டும். கணவரின் கடனும், கணவருக்கான கருமாதியும், மகள் கல்யாணமும் அந்த அவசியங்கள். எனவே விதவை எழுதிய கிரயப் பத்திரங்களில் இந்தக் காரணங்களைச் சொல்லியாக வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பின்னால் வரும் வாரிசு ஒருவர் வந்து விற்பனையைச் செல்லாது என்று சொல்லிவிடுவார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு வந்த பிறகுதான் அந்த அரைகுறை உரிமை முழு உரிமையானது.

அப்படியானால் பத்திரத்திலுள்ள காரணம் அந்த அம்மாளின் உண்மையான நெருக்கடியா, பத்திரம் எழுதுகிறவரின் வாய்பாடா? இரண்டுமாகவும் இருக்கலாம். காரணம் சொன்னால்தான் விற்க முடியும் என்ற இடத்தில், சொல்லப்பட்ட காரணத்தை வைத்து மட்டும் ஒரு மனதைப் படித்துவிட முடியாது. பழைய வீட்டின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஆவணம் பேசுகிறது, ஆனால் தன்னைக் கேட்டவர்களுக்கு வேண்டியதைத்தான் பேசுகிறது.

வாங்குகிறவருக்கும் ஒரு கடமை இருந்தது. 1856இல் அனுமான் பிரசாத் பாண்டே வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் அதற்கு ஒரு அளவு சொன்னது. மைனர் வாரிசு ஒருவரின் சொத்தை நிர்வகித்தவர் அதை ஈடாக வைத்துக் கடன் வாங்கிய வழக்கு அது. கடன் கொடுப்பவர் அவசியம் உண்மைதானா என்று விசாரிக்க வேண்டும். நேர்மையாக விசாரித்துத் திருப்தி அடைந்திருந்தால் போதும். பிறகு அந்த அவசியம் மெய்யாகவே இல்லை என்று தெரிந்தாலும் அவருக்குப் பாதகம் இல்லை. பின்னாளில் விதவைகள் விற்ற சொத்துகளுக்கும் இந்த அளவையே வைத்துப் பார்த்தார்கள். கடன் கொடுத்தவரே வாங்குபவராக இருக்கும்போது இந்த விசாரணை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கணவரின் கடன் உண்மையா என்று என் கொள்ளுத்தாத்தா யாரையும் கேட்கத் தேவையில்லை. நோட்டு அவருடைய பெட்டியிலேயே இருந்தது.

*

அத்தைகள் இரண்டு பேர். பெரியவருக்கு எண்பதைத் தொடப்போகிற வயது. பத்திரத்திலிருந்த பெயரைச் சொல்லி, யார் தெரியுமா அத்தை என்று போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"பின்கட்டுப் பாட்டி பேருல்ல அது? பின்கட்டுல அந்தச் சின்ன ரூம்ல இருந்தாங்க. நான் சின்னப் பொண்ணா இருக்கறப்பவே செத்துப் போயிட்டாங்க. ஊறுகா போடுவாங்க, மாவு அரைச்சுக் குடுப்பாங்க. நாங்க யாராவது கெணத்துல எச்சத் தண்ணி ஊத்துனா, 'எங்க மாமனார் வெட்டுன கெணறுடி'ன்னு கத்துவாங்க. வயசான காலத்துல ஏதோ ஒளர்றாங்கன்னு நாங்க சிரிப்போம்."

"அவங்க எப்படி நம்ம வீட்டுல?"

"தெரியலயேப்பா. வேலைக்கு வந்தவங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

இத்தனை வருடமாக அத்தையின் மனதில் வேலைக்காரப் பாட்டியாக இருந்தவர் ஒரு போன் பேச்சில் வீட்டுக்காரம்மாள் ஆகிவிட்டார். வேறு எதுவும் மாறவில்லை. வீடு அதே வீடு, பத்திரம் செல்லும், வில்லங்கமும் சுத்தம். ஆனால் என்னால் பின்கட்டைப் பழையபடி நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இதைக் கொடுமை என்றும் சொல்லலாம், கருணை என்றும் சொல்லலாம். வீட்டை எடுத்துக்கொண்டவர்கள் அவரை வெளியே அனுப்பவில்லை, சாகும்வரை சோறு போட்டார்கள். அந்தச் சோற்றுக்கு அவர் மாவு அரைத்துக் கொடுத்தார். என் கொள்ளுத்தாத்தா நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்புச் சொல்ல என்னிடம் இருப்பது ஒரு பத்திரம், ஒரு குழந்தையின் நினைவு, இவ்வளவுதான். அது போதாது. ஆனால் தீர்ப்புக்குப் போதாத ஆதாரம், யோசிப்பதற்குப் போதும்.

*

அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நாஜிக் 1974இல் வந்த தன் புத்தகத்தில் உடைமையின் நியாயத்தை ஒரு சங்கிலியாகப் பார்க்கிறார். முதலில் ஒருவர் அதை நியாயமாகத் தனதாக்கியிருக்க வேண்டும். பின் ஒவ்வொரு கைமாற்றமும் நியாயமாக நடந்திருக்க வேண்டும். எங்காவது கண்ணி பிசகியிருந்தால் அதைத் திருத்த வேண்டும். கேட்க நம் பத்திர அலுவலக முறை மாதிரியே இருக்கிறது, தாய்ப்பத்திரத்தைத் தேடிப் போகிற முறை. ஆனால் திருத்துவது எப்படி என்பதை அவர் விரிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டார். வேறு வழியில்லாத ஒருவர் ஒப்புக்கொள்ளும் பேரம் விருப்பப்பட்டு நடந்ததா என்ற கேள்விக்கும் அவர் ஒரு பதில் வைத்திருக்கிறார்: மற்றவர்கள் தத்தம் உரிமைக்குள் நடந்துகொண்டதால்தான் அவருக்கு வழி குறுகியது என்றால், அது விருப்பப்படி நடந்ததுதான். கொள்ளுத்தாத்தா தன் கடனைத் திருப்பிக் கேட்டது அவர் உரிமை. அந்த அம்மாள் ரேகை வைத்தது அவர் விருப்பம். கணக்கு நேராகிவிடுகிறது. பின்கட்டு மட்டும் அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

இதற்கு எதிர்த்திசையில் ஜெரமி வால்ட்ரன் என்ற நியூசிலாந்துக்காரர் 1992இல் ஒரு கட்டுரை எழுதினார். பழைய அநீதி காலப்போக்கில் கடந்துபோக முடியும் என்பது அவர் வாதம். சூழ்நிலை மாறிவிடுகிறது, அந்தச் சொத்தைச் சுற்றி வேறு பலர் தங்கள் வாழ்க்கையைக் கட்டிக்கொண்டுவிடுகிறார்கள், அநீதி நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போடவும் முடியாது. மாவோரிகளின் நிலம் பறிபோன நாட்டிலிருந்து வந்தவர் இதைச் சொல்வது லேசான விஷயமில்லை. நடந்தது அநீதி இல்லை என்று அவர் சொல்லவில்லை. பார்வையை இன்றைய நியாயத்தின்மேல் வைக்கச் சொல்கிறார்.

எனக்கு வால்ட்ரன் பக்கம் சாய்வு உண்டு. பின்கட்டுப் பாட்டியின் மகள் கல்யாணமாகி எங்கே போனார், அவருடைய பேரப்பிள்ளைகள் எங்கே என்று தேடலாம். கண்டுபிடித்து என்ன சொல்வது? "உங்கள் பூட்டி வாழ்ந்த வீடு எங்களிடம் இருக்கிறது, விற்கப்போகிறோம்" என்றா? அந்தத் தேடலில் அவர்களுக்குக் கிடைப்பதைவிட எனக்குக் கிடைக்கும் நிம்மதி அதிகமாக இருக்கும்போல் தோன்றியது. யாரும் கேட்காத பாவமன்னிப்பை அவர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைப்பதும் ஒருவகை வசூல்தான்.

ஆனால் வால்ட்ரனை முழுதாக ஏற்றுக்கொண்டால் ஒரு நிபந்தனையும் கூடவே வருகிறது. பழையதை விட்டு இன்றைய நியாயத்தைப் பார் என்கிறவர், இன்றைய நியாயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பலர் இந்த வாதத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

*

எங்கள் வீட்டு விற்பனையில் இன்றைய நியாயம் ஒரு காகிதத்தில் இருந்தது. வாங்குபவரின் வக்கீல் கேட்ட கடைசி ஆவணம்: அத்தைகள் இருவரிடமிருந்தும் விடுதலைப் பத்திரம். பத்திர எழுத்தர் வரைவு தயாராகவே வைத்திருந்தார். எங்களுக்குரிய சீர்வரிசைகளை முன்னமே பெற்றுக்கொண்டுவிட்டபடியால் இந்தச் சொத்தில் பாத்தியத்தை விடுதலை செய்கிறோம் என்ற மாதிரி வாசகம். கூடவே, பேருக்கு ஒரு சிறு தொகை. "எல்லாக் குடும்பத்துலயும் இதான் தம்பி" என்றார்.

அத்தைகளுக்கு என்ன பாத்தியம்? தாத்தா எண்பதுகளின் தொடக்கத்தில் உயில் எழுதாமல் இறந்தார். பாட்டி அவருக்கு முன்பே போய்விட்டார். 1956ஆம் ஆண்டுச் சட்டம் அன்றிருந்தபடி பூர்வீகச் சொத்துக்குக் கணக்குப் போட்டால் இப்படி வரும்: தாத்தாவும் இரண்டு மகன்களும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. தாத்தாவின் மூன்றில் ஒன்றை நான்கு பிள்ளைகளும் பிரித்துக்கொண்டால் மகனுக்கு மொத்தம் பன்னிரண்டில் ஐந்து, மகளுக்குப் பன்னிரண்டில் ஒன்று. அந்த ஒன்றையும் கேட்டு வாங்க முடியாது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில், ஆண்கள் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும்வரை பெண் பாகம் கேட்கக்கூடாது என்று அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்லியது. தமிழ்நாடு 1989இல் மகள்களுக்குப் பிறப்பால் சம உரிமை கொடுத்தபோது, ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்து, 23ஆம் பிரிவையும் நீக்கியது. திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் விஷயத்தில் துல்லியமாக எவ்வளவு பங்கு என்று இரண்டு வக்கீல்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். பங்கு இல்லை என்று இருவருமே சொல்லவில்லை.

பெரியப்பா மகனுக்கு இதில் குழப்பமே இல்லை. "அத்தைங்க கேக்கவே இல்லியே. நீயா ஏன்டா கெளப்பற?"

உண்மை, கேட்கவில்லை. சின்ன அத்தையிடம் பேசியபோது அவர் சொன்னது: "எனக்கு எதுக்குடா பணம். பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்கணும், அவ்வளவுதான். பாகம் கேட்டா அது போயிடும்."

இந்த இரண்டு வரியை நான் நிறைய நாள் யோசித்தேன். நம்மூரில் பெண்கள் பங்கைக் கேட்காததைப் பெருந்தன்மை என்கிறோம். அது பேரமும்கூட. பங்கை விட்டுக்கொடுத்தால் பிறந்த வீடு கிடைக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சீர் வரும், தாய்மாமன் முறைக்கு ஆள் வரும், புருஷன் வீட்டில் ஒன்று என்றால் போய் நிற்க ஒரு வாசல் இருக்கும். சட்டம் அவர்களுக்குக் கொடுத்ததைவிட இந்த ஏற்பாடு பல காலம் கெட்டியாக இருந்தது. எனவே அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் இப்போது நடப்பது வேறு. வீட்டையே விற்கிறோம். பிறந்த வீடு இனி இல்லை. எதற்கு ஈடாகப் பங்கை விட்டுக்கொடுத்தார்களோ அதைக் கலைப்பதற்கே அவர்கள் கையெழுத்தைக் கேட்கிறோம். பின்கட்டுப் பாட்டியின் பத்திரத்திலாவது கடன் நிஜமாக இருந்தது.

இரண்டு பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அச்சு ஒன்றுதான். இரண்டிலும் காரணத்தை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள், கையெழுத்து மட்டும் பெண்ணுடையது. இரண்டிலும் ரொக்கம் குறைவு, கழித்துக்கொண்டது அதிகம். இரண்டும் சட்டப்படி செல்லும். தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய பத்திரத்தை என்னால் திருத்த முடியாது. ஆனால் அதைப் படித்திராவிட்டால் இன்றைய பத்திரத்தை நானும் ஒரு படிவமாகத்தான் பார்த்திருப்பேன். 'எல்லாக் குடும்பத்துலயும் இதான்' என்பது அன்றைக்கும் யாரோ சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம்.

பழைய வீட்டின் வரலாற்றைத் தேடுவதற்கு நான் இப்போது சொல்லும் நியாயம் இதுதான். வக்கீல் தேடுவது எனக்கு வரக்கூடிய ஆபத்தை. அவருடைய கேள்வி: இந்த வீட்டால் என்மேல் யார் வழக்குப் போட முடியும்? இன்னொரு தேடல் இருக்கிறது. அதன் கேள்வி: இந்த வீடு எங்களுக்கு வர யார் எதை விட்டுக்கொடுத்தார்கள், அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா? முதல் கேள்விக்கு முப்பது வருடம் போதும். இரண்டாவதற்கு எத்தனை வருடம் பின்னால் போனாலும், பதில் பெரும்பாலும் இன்றைக்கு உயிரோடு இருக்கும் ஒருவரிடம் வந்து நிற்கும். இறந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாதது, இருப்பவர்களிடம் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு ஒரு சாக்காக ஆகக்கூடாது என்றில்லையே.

விடுதலைப் பத்திர வரைவை நான் திருப்பி அனுப்பிவிட்டேன். அத்தைகளும் விற்பவர்களாகக் கையெழுத்துப் போட்டு, தொகை நான்கு கிளைகளுக்கும் சமமாகப் பிரியட்டும் என்று எழுதினேன். பெரியப்பா மகன் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார், ஆனால் விற்பனையைப் பற்றிப் பேசுவதில்லை. வாங்க வந்தவர் இன்னும் காத்திருப்பதாகப் புரோக்கர் சொல்கிறார். பெரிய அத்தை மட்டும் போன வாரம் கூப்பிட்டு, பணம் வந்தால் தன் பங்கில் பின்கட்டுப் பாட்டி பேரில் கோயிலில் ஒருநாள் அன்னதானத்துக்குக் கட்ட வேண்டும் என்றார். ரசீதில் என்ன பெயர் போடுவது என்று கேட்டார். பத்திரத்தில் இருந்த முழுப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவர் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார்.